கொம்பறை முதல் நெல்லாலை வரை: உணவுக் கட்டடங்களின் சுகாதார வரலாறு

உணவை விளைவித்தல் ஒரு கலையெனின், விளைந்ததைப் பழுதுறாது காத்தல் பிறிதொரு கலையாகும். வன்னியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் குளங்களையும் வாய்க்கால்களையும் விரிவாகப் பேசினர். எனினும் அந்நீரால் விளைந்த நெல் எத்தகைய கட்டடத்துள் தங்கிற்று என்பதும் வரலாற்றின்பாற்பட்ட வினாவேயாகும்.

வன்னி உழவர் நெல்லைச் சேமித்த கொம்பறை, தடிகளால் அமைத்து மண்பூசி, நிலத்தினின்றும் உயர்த்தி, மேலே கூரை வேய்ந்த களஞ்சியமாகும். நிலத்தின் ஈரம் நெல்லைத் தீண்டாது. எலி எளிதில் ஏறாது. அடியிற் காற்றுப் புகும். சூடுமிதிக்கும் களம் வயலை அண்டியிருக்க, கொம்பறை வளவினுள் நின்றது. தூசும் சாணமும் நிறைந்த வேலை ஓரிடத்தும், தூய தானியம் பிறிதோரிடத்தும் இருக்கவேண்டும் என்ற கருத்து, பெயரின்றியே வழக்கில் நிலவியது எனலாம்.

அக்கருத்தைக் கைவிட்டதன் விளைவைக் கொழும்பு கண்டது. இலங்கை, பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பெருந்தொகை அரிசியை இறக்குமதி செய்துவந்த காலத்தில், 1914ஆம் ஆண்டு கொழும்பில் பிளேக்கு நோய் தோன்றிற்று. நெருக்கமான வணிகத் தெருக்களில் அரிசிக் கிடங்கும் குடியிருப்பும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. அரிசியை நாடி எலி வந்தது. எலியொடு தெள்ளு வந்தது. தெள்ளொடு நோய் வந்தது. கொழும்பு மாநகரசபையிற் பணியாற்றிய நுண்ணுயிரியலாளர் ஹேர்ஸ்ற், எலித்தெள்ளு இனங்கள் யாவும் நோயை ஒரே அளவிற் பரப்புவதில்லை என ஆராய்ந்து காட்டியமை உலகறிந்ததாகும். ஆளுநர் சாமேர்ஸ் பெயரால் எழுந்த களஞ்சியங்கள் அரிசியைக் குடியிருப்பினின்றும் பிரித்தன. மருந்து செய்ய வேண்டியதன் ஒரு பகுதியைச் சுவர் செய்தது என்பது ஈண்டு நோக்கற்பாலது.

நெல்லாலையின் வருகையோடு வினா மேலும் சிக்கலாயிற்று. புழுங்கலரிசி ஆக்கத்தில் ஊறவைத்தல், அவித்தல், உலர்த்தல், குற்றுதல், பொதிசெய்தல் என்பன ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்வன. முற்பகுதி ஈரமானது, பிற்பகுதி உலர்ந்தது. இரண்டுங் கலப்பின் பூஞ்சணம் பற்றும். 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் பெருந்தொகையாக மடிந்ததைத் தொடர்ந்தே அபிளாரொக்சின் என்னும் பூஞ்சண நஞ்சு கண்டறியப்பட்டது. அவித்த நெல் உலரத் தாமதிப்பின் அந்நஞ்சு அதிலும் தோன்றக்கூடும். எனவே நெல் ஒரு வாயிலாற் புகுந்து, அரிசி பிறிதொரு வாயிலால் வெளியேற வேண்டும். சென்ற வழியே மீளலாகாது. தளம் வடிகாலை நோக்கிச் சரிந்தும், சுவரும் தளமும் கூடுமிடம் தூசு தங்காவாறு வளைந்தும், சாளர விளிம்பு சாய்ந்தும், திறப்புகள் வலையிடப்பட்டும் இருத்தல் வேண்டும். பூச்சியை ஈர்க்கும் தவிடு, பொதிசெய்யும் அறைக்கு அயலிற் கிடத்தலாகாது.

1969இல் கோடெக்ஸ் ஆணைக்குழு உணவுச் சுகாதாரப் பொது நெறிகளை வகுத்தது. இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இயற்றப்பட்டது.

கண்டி–யாழ்ப்பாண வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கும் மாங்குளம் இவ்வரலாற்றின் புதிய அதிகாரத்துக்குரிய களமாகும். 1905இல் வடக்குப் புகையிரதப் பாதை நிறைவுற்றபோது வன்னி தூரச் சந்தைகளோடு இணைந்தது. போரினால் 1990இல் அறுந்த அவ்விணைப்பு, 2013இல் கிளிநொச்சி வரை மீண்டது. போர் கட்டடங்களைச் சிதைத்த மண்ணில் இனி எழுவன புதியனவே. மாங்குளத்திற் கைத்தொழில் வலயம் அமைப்பது பற்றியும் அண்மைக்காலத்திற் பேசப்பட்டுள்ளது.

கொம்பறையே போதுமென்பது வாதமன்று. அவித்த நெல்லின் ஈரத்தை அது அறியாது. ஆயின் அதன் அடிப்படை இன்றும் பொருந்தும். பெருமுதலாளி தவறாக எழுப்பிய சுவரை இடித்துக் கட்ட வல்லவன். கடன்பட்டு ஆலை நிறுவும் சிற்றாலையாளனுக்கு அது இயலாது. அவன் தவறின் விலையை இறுதியில் உண்பவனே செலுத்துகிறான். ஆதலின் அத்திவாரம் இடுமுன்னரே, வரைபடம் எழுதும் வேளையிலேயே சுகாதாரம் தொடங்குதல் வேண்டும். உணவைக் காக்கும் முதற்காவலாளி நன்கமைந்த கட்டடமே என்பது வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.