வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் ஆட்டு மூளையும்

நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பேச்சு, ஒரு தலைமுறைக்கு முன்புவரை தமிழ்நாட்டுச் சிறுவர்களை மிரட்டப் போதுமானதாக இருந்தது. லால்குடி வயல்வரப்பில் கடிபட்டவருக்கும் சென்னைத் தெருவில் கடிபட்டவருக்கும் அரசு மருத்துவமனையில் கிடைத்தது இந்த ஊசியே. அதில் இருந்தது ஆட்டின் மூளை என்பதைப் போட்டுக்கொண்டவர்களில் பலர் அறிந்ததில்லை.

1885-இல் லூயி பாஸ்டர், நோய்க்கிருமி ஏற்றிய முயலின் தண்டுவடத்தை உலர்த்தி முதல் வெறிநோய்த் தடுப்பு மருந்தை மனிதருக்குச் செலுத்தினார். இந்தியாவில் இச்சிகிச்சைக்கென முதல் நிறுவனம் 1900-இல் இமயமலைச் சாரலில் உள்ள கசௌலியில் அமைந்தது. தெற்கே கடிபட்டவர் அங்கு போய்ச் சேரவே பல நாள் ஆகும். நோயோ நாள் பார்த்துக் காத்திருப்பதில்லை. 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டதற்கு இந்தத் தொலைவும் ஒரு காரணம்.

1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள் புதிய முறையை வகுத்தார். ஆட்டின் மூளையில் வெறிநோய்க் கிருமி செலுத்தப்படும். சில நாளில் ஆட்டுக்குக் கைகால் விழுந்துவிடும். பிறகு அதைக் கொன்று, மூளையை அரைத்து, பீனால் கலந்து கிருமியைச் செயலிழக்கச் செய்வார்கள். மலிவான முறை, எளிய முறையும்கூட. ஏழை நாடுகள் அதை நெடுங்காலம் விடாமல் பற்றியிருந்தது இதனால்தான்.

மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல், 1953-இல் மாநிலங்களவையில் விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அம்முயற்சியின் தொடர்ச்சியாகவே 1960-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. ஆயினும் அதன் 14-ஆம் பிரிவு, உயிர் காக்கவும் நோயை எதிர்க்கவும் உதவும் அறிவுக்கான விலங்குச் சோதனைகளை அனுமதிக்கிறது. தேவையற்ற வலி கூடாது, மயக்க மருந்து வேண்டும் என்பன அதனுடன் வரும் நிபந்தனைகள். மயக்க மருந்து அறுவைக்கு உதவும். நாள்கணக்கில் பரவும் வாதத்துக்கு அது என்ன செய்யும்?

ஆடுகளை விடுவித்தது இரக்கம் அன்று. மூளைத் திசு கலந்த ஊசி, போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கே நரம்பு வாதத்தை உண்டாக்கியது. உலக சுகாதார நிறுவனம் அதைக் கைவிட வலியுறுத்தியது. இந்தியாவில் 2004 இறுதியோடு அதன் உற்பத்தி நின்றது.

அதன் இடத்துக்கு வந்த தடுப்பூசிகளில் ஒன்று, வெரோ என்னும் உயிரணுக்களில் வளர்க்கப்படுவது. 1962-இல் ஜப்பானில் ஓர் ஆப்பிரிக்கப் பச்சைக்குரங்கின் சிறுநீரகத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட அந்த உயிரணுக்கள் இன்றும் ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. தடுப்பூசியின் வீரியத்தை அறியும் வழக்கமான சோதனையில் சுண்டெலிகளுக்கு முதலில் மருந்தும், பிறகு மூளைக்குள் உயிருள்ள கிருமியும் செலுத்தப்படும். எத்தனை எலிகள் பிழைக்கின்றன என்பதே அங்கு அளவுகோல்.