மொரிஸ் மைனரும் மினியும்: உள்ளிடமும் இருக்கையும்

இலங்கையில் 1977இல் இறக்குமதி தாராளமாக்கப்படும்வரை புதிய கார்கள் அரிது. பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய நோக்கி மலைநாட்டை விட்டு வெக்கையான சமவெளிக்கு இறங்கும் பாதை போன்ற நெடுஞ்சாலைகளில் பழைய பிரித்தானியக் கார்களே நெடுங்காலம் உழைத்தன. அவற்றுள் மொரிஸ் மைனர் (1948), மினி (1959) இரண்டையும் வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ்.

மைனரின் மாதிரிக் காரை அவர் நடுவே பிளந்து 4 அங்குலம் அகலப்படுத்தினார். பொனட்டின் நடுவே ஓடும் மேடான பட்டை அந்த ஒட்டுக்குச் சாட்சி. தோள்கள் உரசாமல் அமர முடிந்தது இதனால்தான். ஆனால் பின்சில்லுகளைச் சுழற்றும் தண்டு தரையின் நடுவே மேடாக ஓடியதால், பின்னால் நடுவில் இருப்பவர் கால் வைக்கத் திண்டாடுவார்.

மினியின் நீளம் 3.05 மீற்றர்தான், மைனரைவிட ஏறக்குறைய 70 சென்ரிமீற்றர் குறைவு. இயந்திரத்தைக் குறுக்காக வைத்து, கியர்களை அதன் அடியிலேயே அடக்கி, 10 அங்குலச் சில்லுகளைப் பூட்டியதால், தரைப்பரப்பில் சுமார் 80 வீதம் ஆட்களுக்கும் பொதிகளுக்கும் கிடைத்தது. வழுக்கித் திறக்கும் கண்ணாடிகளால் கதவுக்குள்ளும் பெரிய பைகள் அமைந்தன. வியக்கத்தக்க சிக்கனம் இது.

சொகுசில் மைனரே மேல். மினியின் இருக்கைகள் மெல்லியவை, முதுகு நிமிர்ந்தவை. சாரதி விழிப்பாயிருக்க அதுவே நல்லது என்பது இசிகோனிஸின் எண்ணம். வில்லுக்குப் பதிலாக இருந்த றப்பர் கூம்புகள் பள்ளங்களை நேரே இடுப்புக்கு உணர்த்தின.