பழவேற்காடு கற்பிக்கும் பாடம்



நம் வட்டாரத் திருச்சபையின் வரலாற்றைப் பற்றி இம்மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி விழாக் குழுவினர் கேட்டனர். பெருமைக்குரியவற்றை மட்டும் எழுதினால் அது புகழ்மாலையாகுமே தவிர வரலாறாகாது. கிறிஸ்துவின் பெயரைத் தாங்கியவர்கள் ஒருவரோடொருவர் பிணங்கிய கதையும் நம் மண்ணில் உண்டு. அதையே எழுதத் துணிந்தேன்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து பொன்னேரி வழியே சென்றால் பழவேற்காட்டை அடையலாம். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசியர் அங்கே குடியேறினர். மகிமை மாதா ஆலயம் 1515ல் எழுந்தது என்பது மரபு. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின் டச்சுக்காரர் வந்தனர். அவர்கள் கால்வீன் வழிவந்த சீர்திருத்தச் சபையினர். 1612ல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கீசியர் டச்சுக்காரரின் பண்டகசாலையைத் தாக்கி அழித்தனர். அதன் பின் 1613ல் எழுந்ததே கெல்டிரியா கோட்டை. பகைக்கு முதற்காரணம் வாணிபப் போட்டிதான். ஆயினும் மதப் பிணக்கு அந்தத் தீயில் எண்ணெய் வார்த்தது. தாக்கியவரும் தாக்கப்பட்டவரும் ஒரே திரித்துவத்தின் பெயரால் ஞானஸ்நானம் பெற்றவர்களே அன்றோ!

பிரிவினை சபையாரோடு மட்டுமா பிணங்கினோம்? நமக்குள்ளேயும் பிணங்கினோம். 1642ல் எப்ரேம் தெ நெவேர் என்னும் பிரெஞ்சு கப்புச்சின் துறவி சென்னைக்கு வந்தார். ஆங்கிலேயர் புரொட்டஸ்டாண்டு சபையினராயினும், தம் கோட்டையில் வாழ்ந்த கத்தோலிக்கருக்காக அவரைத் தங்கச் செய்தனர். சாந்தோம் குருக்களோ போர்த்துக்கல் மன்னரின் ஞான அதிகாரத்திற்கு உட்பட்டவர்கள். ரோமையின் ஆணையோடு வந்த வேற்று நாட்டுக் குருவை அவர்கள் விரும்பவில்லை. 1649ல் சாந்தோமில் அவரைப் பிடித்துக் கோவாவிலிருந்த விசாரணை மன்றத்திற்கு அனுப்பினர். அவர் விடுதலை பெறப் பாடுபட்டவர்களில் புரொட்டஸ்டாண்டு ஆங்கிலேயரும் இருந்தனர். கோல்கொண்டாவின் இஸ்லாமியத் தளபதியும் இருந்தார். கத்தோலிக்கக் குருவைச் சிறையிலிட்டவர்களோ கத்தோலிக்கர்! இதைப் படிக்கும்போது நமக்குத் தலைகுனிவு ஏற்படவே செய்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் வாளுக்குப் பதில் எழுதுகோல் போரிட்டது. தரங்கம்பாடியில் 1706ல் சீகன்பால்கு தொடங்கிய லுத்தரன் பணி பரவிற்று. அதை மறுத்து நம் வீரமாமுனிவர் வேத விளக்கம் முதலிய நூல்களை இயற்றினார். மீட்புக்கு விசுவாசம் மட்டும் போதுமா, நற்செயலும் வேண்டுமா? வேதாகமம் மட்டுமே ஆதாரமா, பரம்பரையும் உண்டா? மாதாவையும் புனிதரையும் வணங்கலாமா? இவையே வாதத்தின் பொருள்கள். இரு தரத்தாரும் கடுஞ்சொற்களைக் கையாண்டனர். எனினும் அந்த வாதங்களால் தமிழ் உரைநடை வளர்ந்தது என்பதையும் மறுக்க இயலாது.

மீண்டும் பழவேற்காட்டிற்கு வருவோம். 1746ல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது லுத்தரன் போதகர் பப்ரிசியுஸ் தம் சபை மக்களோடு பழவேற்காட்டில் அடைக்கலம் புகுந்தார். பின்னாளில் தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பாலும் 1779ல் வெளிவந்த அகராதியாலும் புகழ் பெற்றவர் அவரே. லுத்தரும் கால்வீனும் நற்கருணையைப் பற்றி ஒத்த கருத்துடையவர்கள் அல்லர். ஆயினும் டச்சுக்காரர் அடைக்கலம் தந்தனர். இந்த நல்ல செய்திக்கு ஒரு கசப்பான பின்கதையும் உண்டு. சென்னை மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தபின், கப்புச்சின் குருக்கள் பிரெஞ்சுக்காரருக்குத் துணை நின்றதாகச் சந்தேகம் எழுந்தது. வேப்பேரியில் ஆர்மீனிய வணிகர் பெத்ருஸ் உஸ்கான் கட்டிய கோவில் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டு பப்ரிசியுசின் சபைக்குக் கொடுக்கப்பட்டது. ஒருவருடைய அடைக்கலம் மற்றொருவருடைய இழப்பாயிற்று.

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். சிப்காட் ஆலைகளை நாடிப் பல மாவட்டத்தாரும் குடியேறிய நம் ஊரில் ஒரே தெருவில் கத்தோலிக்கரும், தென்னிந்தியத் திருச்சபையாரும், பெந்தெகொஸ்தே சபையாரும் வாழ்கிறோம். ஒரே வீட்டிலும் வாழ்கிறோம். என் தமையனார் ஆலையில் வேலை செய்தபோது ஒரு ஜெபவீட்டில் சேர்ந்தார். எங்கள் தாயார் இறந்த அன்று ஜெபமாலை தொடங்கியதும் அவர் எழுந்து வாசலுக்குச் சென்றுவிட்டார். துக்க வீடென்றும் பாராமல் நான் அவரை ஏசினேன். பல ஆண்டுகள் எங்களுக்குள் பேச்சு இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டினுள் நீர் புகுந்தபோது, இடுப்பளவு நீரில் நடந்து வந்து எங்களைத் தம் ஜெபவீட்டிற்கு அழைத்துச் சென்றவர் அவரே. அன்றிரவு ஒரு மூலையில் நாங்கள் ஜெபமாலை சொன்னோம். யாரும் எங்களைத் தடுக்கவில்லை.

அதனால் வேற்றுமைகள் மறைந்துவிட்டனவா? இல்லை. குழந்தையாயிருந்தபோது நான் பெற்ற ஞானஸ்நானம் செல்லாது என்கிறார் அவர்; அதை நான் ஏற்கமாட்டேன். நற்கருணையில் ஆண்டவர் மெய்யாகவே எழுந்தருளியிருக்கிறார் என்பதை விட்டுக்கொடுக்கவும் மாட்டேன். விசுவாசம் விலை பேசும் பொருளன்று. ஆனால் அதைக் காக்கப் பகைமை தேவையில்லை என்பதை நான் காலந்தாழ்த்தியே கற்றுக்கொண்டேன்.

திருச்சபையும் இதைக் கற்றுத்தான் வந்திருக்கிறது. 1964ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய விதித்தொகுப்பு, பிரிவினைக்கு இரு தரத்தாரிடமும் குற்றம் உண்டென ஏற்றுக்கொண்டது. 1995ல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் கூடி உழைத்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. வீரமாமுனிவர் காலத்தில் நாட்டை இரண்டாக்கிய மீட்பு பற்றிய வாதத்தில், 1999 அக்டோபர் 31ல் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லுத்தரன் உலகச் சங்கத்தினரும் அடிப்படை உண்மைகளில் உடன்பாடு கண்டு கையொப்பமிட்டனர். நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆறாத புண்ணுக்கு இட்ட மருந்து அது.

ஆண்டுதோறும் ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரம். வரும் ஆண்டில் அந்நாட்களில் நம் தெருவிலுள்ள மாற்றுச் சபைக் குடும்பம் ஒன்றையேனும் நம் வீட்டிற்கு அழைப்போம். வாதிட அல்ல, உணவருந்த. எங்கள் தாயாரின் நினைவு நாளில் இப்போது என் தமையனார் வருகிறார். அவர் சங்கீதம் ஒன்றை வாசிக்கிறார்; நாங்கள் ஜெபமாலை சொல்கிறோம். அவர் எங்களோடு சேர்ந்து சொல்வதில்லை. ஆனால் முன்போல் எழுந்து வாசலுக்குச் செல்வதுமில்லை.