பிரிங்கிளின் பிடி

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ ராயல் இன்ஃபர்மரி 1794-இல் திறக்கப்பட்டது. அதன் வரலாற்றைப் பேசுவோர் அறுவை மருத்துவர் லிஸ்டரில் தொடங்கி லிஸ்டரிலேயே முடித்துவிடுவார்கள். நியாயந்தான். 1865-இல் கால் எலும்பு முறிந்து வந்த ஒரு சிறுவனுக்கு அவர் கார்பாலிக் அமிலக் கட்டுப் போட்டதும், அந்தக் காயம் சீழ் வைக்காமல் ஆறியதும் அங்கேதான். ஆனால் விபத்தில் அடிபட்டு வயிறு வீங்கி வருகிறவர்களுக்கு அறுவை செய்யும் நமக்கு, அங்கே பணியாற்றிய இன்னொருவர்தான் நெருக்கம்: ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள்.

கிழிந்த கல்லீரலில் தையல் எளிதில் நிற்காது. இறுக்கினால் நூலே திசுவை அறுத்துவிடும். நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் ரத்தம் பாயும் உறுப்பு அது. வயிற்றைத் திறந்தால் ரத்தம் குளமாகக் கிடக்கும், ஊற்று எங்கே என்று தெரியாது. கல்லீரலுக்குப் போகும் தமனியும் போர்ட்டல் சிரையும் பித்தநாளத்தோடு சேர்ந்து ஒரே மடிப்புக்குள் வருகின்றன. அந்த மடிப்பைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்திப் பிடித்தால் வரத்து நிற்கும்; அதற்குள் கிழிசலைக் கண்டுபிடித்துத் தைத்துவிடலாம். இவ்வளவுதான் பிரிங்கிள் சொன்னது.

1908-இல் ‘அன்னல்ஸ் ஆஃப் சர்ஜரி’ இதழில் அவர் இதை எழுதினார். எட்டு நோயாளிகளைப் பற்றிய கட்டுரை. அறுவை செய்த நால்வரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. முயல்களிடம் செய்து பார்த்தபோதுதான் முறை பலித்தது. இன்று எந்த மருத்துவ இதழின் ஆசிரியர் குழுவிடமாவது இப்படியொரு கட்டுரை போனால் அச்சேறுமா என்பது சந்தேகம். சாவுகளை மறைக்காமல் எழுதியதே அதன் பெருமை என்பேன்.

பின்னால் வந்தவர்கள் விரலுக்குப் பதில் கிளாம்ப் போட்டார்கள். பதினைந்து, இருபது நிமிடம் பிடித்தால் ஐந்து நிமிடம் விடுவது வழக்கமாயிற்று. பிடித்த பிறகும் ரத்தம் பொங்கினால், காயம் பெரும்பாலும் பின்புறம், கல்லீரல் சிரையிலோ கீழ்ப் பெருஞ்சிரையிலோ இருக்கும். தேர்ந்த கையும் நடுங்கும் இடம் அது. இப்படி அடங்காத ரத்தப்போக்குக்கு, சீழுக்குப் பயந்து இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஒதுக்கப்பட்ட காஸ் துணி அடைப்பு 1980-களில் திரும்பி வந்தது. துணியை வைத்து அழுத்திவிட்டு, ஐ.சி.யு.வில் ரத்தம் ஏற்றி, உடம்பைச் சூடாக்கி, ஓரிரு நாளில் மறுபடி திறப்பார்கள்.

சிடி ஸ்கேன் வந்த பிறகு, ரத்த அழுத்தம் நிலையாக இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு வயிற்றைத் திறப்பதே இல்லை. பிரிங்கிளின் பிடி இன்று விபத்துக் காயங்களைவிடக் கல்லீரல் கட்டிகளை அகற்றும் அறுவைகளில்தான் அதிகம் பயன்படுகிறது.