உபதேசியாரா, குசினிக்காரரா?

என் தாத்தாவின் தாத்தாவைப் பற்றி எங்கள் குடும்பத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. ராயக்கோட்டையைச் சுற்றிய சிற்றூர்களில் செபம் சொல்லிக்கொடுத்துத் திரிந்த உபதேசியார் என்பது பெரியப்பா கட்சி. வெள்ளைக்காரச் சாமியாருக்குச் சமைத்துப் போட்ட குசினிக்காரர் என்பது அத்தைமார் கட்சி. அந்தச் சாமியார் சேசு சபைக்காரர் என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. வரலாற்றின் முன் முதலில் விழுவது அந்த ஒற்றுமைதான்.

1773இல் போப்பாண்டவர் சேசு சபையைக் கலைத்தார். 1776இல் புதுச்சேரியை மையமாகக் கொண்ட பணித்தளங்கள் பாரீஸ் அந்நிய வேதபோதக சபையிடம் வந்தன. மீண்டும் உயிர்பெற்ற சேசு சபையினர் 1830களின் இறுதியில் மதுரைப் பக்கம் திரும்பினார்களே தவிர, வடக்கே பாராமகால் சீமை பாரீஸ் சபையிடமே நீடித்தது. கண்டிப்பாகச் சொன்னால் இது துறவற சபையே அன்று. வார்த்தைப்பாடு கொடுக்காத மறைமாவட்டக் குருக்களின் கூட்டமைப்பு. தமிழரும் கன்னடியரும் நன்கறிந்த ஆபே துபுவா இச்சபையினர்தாம். ராயக்கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போன மறு ஆண்டு, 1792இல், இந்தியா வந்து 1823இல் திரும்பினார்.

சபையின் ஆவணங்கள் துல்லியமானவை. அத்ரியன் லோனே 1912-1916இல் வெளியிட்ட நினைவேட்டில், கப்பலேறிய குருக்களின் பிறந்த ஊர், குருப்பட்டம், புறப்பட்ட நாள், இறப்பு எல்லாம் கிடைக்கும். அவர்களுக்கு வழிகாட்டியவர்கள், மொழிபெயர்த்தவர்கள், சோறு வடித்தவர்கள் அங்கே இல்லை. அவர்களைப் பங்குக் கோவிலின் ஞானஸ்நான ஏட்டில்தான் தேட வேண்டும்.

எந்தக் கோவிலில் என்பது அடுத்த சிக்கல். எங்கள் பகுதி எல்லைச் சீமை. தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே தெருவில் புழங்குவது. சேலம் மறைமாவட்டம் 1930இல் புதுச்சேரி, கும்பகோணம், மைசூர் ஆகிய மூன்றிலிருந்தும் பகுதிகளை வெட்டியெடுத்து உருவானது. மைசூர் ஆயர் 1940 வரை இருந்ததோ பெங்களூரில். 1997இல் தருமபுரி தனி மறைமாவட்டமாயிற்று. ஒரே குடும்பத்தின் தடயம் நான்கைந்து அலமாரிகளில் கிடக்கலாம்.

ஏடுகள் இலத்தீனில் உள்ளன. வீட்டில் இராயப்பன் ஏட்டில் பெத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், சூசை யோசேபுஸ். பாட்டி சொன்ன பெயரை வைத்துக்கொண்டு தேடுகிறவர் ஏமாந்து திரும்புவார். தகப்பன் பெயர், ஊர், மனைவி பெயர் மூன்றும் பொருந்தினால்தான் ஆளை நம்பலாம்.

அப்படிப் பொருந்திய ஒருவரை ஒரு பழைய விசாரணையின் ஏட்டில் கண்டேன். தனக்கு உறவே இல்லாத வீடுகளின் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் ஞானத்தந்தையாக நிற்கிறார். சாமியாரோடு ஊர் ஊராகப் போனவர் என்பது இதனால் உறுதி. உபதேசியார் என்பது உறுதியாகாது. வேறு ஆள் கிடைக்காத இடத்தில் குசினிக்காரரையும் நிற்கச் சொல்வது உண்டு.

பிறகு தாது வருடப் பஞ்சம் வருகிறது. 1876-78இல் சேலம் ஜில்லாவும் மைசூரும் சுடுகாடாகிக் கிடந்த காலம். சாகும் தறுவாயிலுள்ள குழந்தைக்கு, குருவானவர் இல்லாதபோது எவரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது திருச்சபைச் சட்டம். அந்தப் பக்கங்களில், கொடுத்தவர் பெயர் எழுதும் இடத்தில், குருவின் பெயருக்குப் பதிலாக எங்கள் பாட்டனாரின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரே வாரத்தில் மூன்று ஊர்கள். இதைச் செய்தவர் அடுப்படியில் மட்டும் இருந்திருக்க முடியாது என்பது பெரியப்பாவின் வாதம். அடுப்பில் வைக்க ஒன்றும் இல்லாத ஆண்டில் குசினிக்காரரும் வேறென்ன செய்திருப்பார் என்கிறார் சின்ன அத்தை. எனக்கு, இரண்டு வேலையையும் ஒருவரே பார்த்தார் என்றே படுகிறது. அந்தச் சிறிய விசாரணைகளில் சாமியாருக்கு இருந்ததே ஓர் ஆள்தான்.

அந்தக் குழந்தைகளில் பலருடைய பெயர் சில நாள் கழித்து அடக்க ஏட்டில் வருகிறது. சிலருடையது அங்கே இல்லை. அவர்களைத் திருமண ஏட்டில் தேடிக்கொண்டிருக்கிறேன்.