ஆற்றை மறித்தது எது?

கோவில்பட்டி, கழுகுமலை வட்டாரத்தில் கரிசலுக்கு அடியில் கிடக்கும் பாறைகள் 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே மடிந்து இறுகிப்போனவை. வைப்பாறு வறண்டால் மழையைக் கேட்கலாம், மேலே போட்ட கரைகளைக் கேட்கலாம். பாறையைக் கேட்க வழியில்லை. ஆனால் ஆற்றின் குறுக்கே நிலமே மடிந்து மேடாக எழும் இடங்களும் உண்டு. அங்கே மேடு எழ எழ ஆறு அறுத்துக்கொண்டே போக வேண்டும். முடியாவிட்டால் ஒதுங்கிச் சுற்ற வேண்டும், அல்லது தேங்க வேண்டும். சிந்துவும் சட்லஜும் இமயத்தைக் குறுக்காகப் பிளந்து வருவது அப்படி அறுத்துத்தான். பாறையின் கடினமும் மேட்டின் வேகமும் முக்கியமே என்றாலும், வென்றது யார் என்பதைப் பெரும்பாலும் ஆற்றில் ஓடும் நீரே முடிவு செய்கிறது. இதற்கு குஜராத்தின் கட்சை விட நல்ல சாட்சி இல்லை.

1819 ஜூன் 16 அன்று கட்ச் ரண்ணில் நிலம் நடுங்கியது. சிந்துவின் கிழக்குக் கிளையான புரானின் குறுக்கே சுமார் 80 கிலோமீட்டர் நீளத்துக்கு, சில இடங்களில் 6 மீட்டர் வரை ஒரு மேடு எழுந்தது. தெற்கே சிந்திரிக் கோட்டை நீரில் அமிழ்ந்து, அங்கே ஏரி உண்டானது. மனிதர் கட்டாத கரை என்பதால் மக்கள் அதை அல்லா பந்த், அதாவது அல்லாவின் கரை, என்றனர். கட்சின் லக்பத் துறையும் அதன் நெல்வயல்களும் அழிந்ததற்கு இந்த மேடே காரணம் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. சார்ல்ஸ் லயல் தம் நிலவியல் நூலில் எடுத்தாண்டதால் உலகப் புகழும் மேட்டுக்குத்தான் கிடைத்தது. உண்மையில், 1762இல் கட்சுடன் நடந்த ஜாரா போர் முடிந்தபின் சிந்தின் ஆட்சியாளர் குலாம் ஷா கல்ஹோரா புரானின் குறுக்கே அணை போட்டுவிட்டார், பின்வந்தவர்களும் போட்டார்கள். நெல் அப்போதே போயிற்று. ஓடையை மேலே மறித்தால் கடைக் கண்மாய் காயும் என்பது எந்தக் கரிசல் சம்சாரிக்கும் தெரிந்த கணக்கு.

மண்ணணை உடையக்கூடியது, 6 மீட்டர் மேடு அப்படியா என்று கேட்கலாம். 1826இல் சிந்துவில் பெருவெள்ளம் வந்தது. மேலேயிருந்த அணைகளை உடைத்து, அல்லா பந்தையும் அறுத்துக்கொண்டு சிந்திரி ஏரிக்குள் இறங்கியது. மறு ஆண்டே அங்கே போன பிரிட்டிஷ் அதிகாரி அலெக்சாண்டர் பர்ன்ஸ் அந்த வாய்க்காலைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஒரே நாளில் எழுந்ததை வளரும் மடிப்பு எனலாமா என்பது இன்னொரு கேள்வி. மடிப்புகள் பல இப்படி நடுக்கத்துக்கு நடுக்கம் உயர்ந்தே வளர்கின்றன. நூற்றாண்டுகளாகப் பங்கிட்டால்தான் அது மெதுவாகத் தெரிகிறது. வெள்ளம் வடிந்தபின் நீர் நிலைக்கவில்லை, உப்பே மிஞ்சியது என்பது மெய். மேடு அறுபட்ட பிறகும் நீர் நிலைக்கவில்லை என்றால் குறை மேட்டில் இல்லை, வரத்தில் இருக்கிறது. லக்பத்தின் நெல்லைக் கெடுத்த பழியில் முதல் பங்கு சிந்தை ஆண்டவர்களுக்கு. நிலநடுக்கத்துக்கு அதற்கு அடுத்த பங்குதான்.