லாரிக் கடனும் அண்ணியின் காலண்டரும்

பழைய லாரி வாங்கப் போற டிரைவர்கிட்ட வருமானச் சான்று ஏது? வங்கிங்க தயங்கின காலம் அது. 1974-ல் சென்னையில் சீட்டு கம்பெனியா ஸ்ரீராம் குழுமத்தைத் தொடங்கிய ஆர். தியாகராஜன், 1979-ல் லாரிக் கடனுக்குன்னே தனி நிறுவனம் ஆரம்பிச்சார். ஆளையும் வண்டியையும் பார்த்துக் கடன். மயிலாப்பூர் லேடி தேசிகா சாலை ஆபீஸ் பேரு எங்க பக்கத்து லாரிக்காரங்களுக்கும் பழக்கம்.

எங்க அண்ணனும் கடன்லதான் பழைய லாரி வாங்கினார். கடன் கிடைச்சாலும் காகிதம் விடுமா? ஆர்.சி., பர்மிட், எஃப்.சி., இன்சூரன்ஸ், ரோடு டாக்ஸ், ஒவ்வொண்ணுக்கும் ஒரு தேதி. எஃப்.சி. தேதியை நாங்க மறந்து, அறுவடை நேரத்துல பன்னிரண்டு நாள் வண்டி நின்னுச்சு. வட்டி நிக்கலை.

அதுக்கப்புறம் அண்ணி காலண்டர்ல சிவப்பு மையால வட்டம் போட ஆரம்பிச்சாங்க. ரெண்டாவது லாரி வந்தது அந்த வட்டத்தாலதான்.